ஒப்பு நட்சத்திரம்

மாதா துணை

புன்னைக்காயல்,
ஏப்ரல் 9

அன்புள்ள ஜாய்சி அக்காவுக்கு ஆன்லின் எழுதுவது.

நீ அளக்கச் சொல்லி அனுப்பிய வானப் படங்களில், மார்ச் பதினான்காம் தேதிப் படத்தில் எல்லா நட்சத்திரங்களும் சேர்ந்து மங்கியதுபோல் இருந்தன. வெளிச்சம் மாறாதது, இதோடு ஒப்பிட்டு மற்றதை அள என்று நீ குறித்துக் கொடுத்த ஒப்பு நட்சத்திரம் மட்டும் மங்கவில்லை. முதலில் மேகம் என்று நினைத்தேன். மேகம் என்றால் அதுவும் மங்கியிருக்க வேண்டுமே. பழைய படங்களைத் திறந்தேன். இன்னும் மூன்று நாள் படங்களிலும் அப்படியே இருந்தது.

இதைத்தான் நேற்று போனில் சொல்ல வந்தேன். "ஏட்டி, சொன்னத மட்டும் செய்யி. ஒம்பதாம் வகுப்போட நின்னவ எனக்குப் பாடம் எடுக்காத" என்றாய். பக்கத்தில் உன் தோழிகள் சிரித்தது கேட்டது. போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் பார்த்துக்கொண்ட அம்மா இப்போது என் கையைப் பிடிக்காமலே கோவில் வரை நடக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, உன்னைக் கட்டப்போகும் ஜோன்ஸ் அத்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை என்று அப்பா ஆசையாக வள்ளத்தில் ஏற்றிப் போனார். பாதிக் கடலில் "மாமா, கரை ஆடுதே" என்று வாந்தி எடுத்தாராம். "கரை எங்கனயும் போவல மாப்ள, நீருதான் ஆடுதீரு" என்றதை அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு உன் ஒப்பு நட்சத்திரம்தான் நினைவுக்கு வந்தது: மற்றவை மங்கவில்லை, அதுதான் வெளிச்சம் கூடியிருக்கிறது.

நீ ஆராயும் பெரிய நட்சத்திரத்தை, எக்ஸ் கதிர் வீசும் சின்னது ஒன்று சுற்றிச் சுற்றி இழுத்து முட்டைபோல ஆக்கியிருக்கிறது. அகலப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் கூடும், முனை திரும்பினால் குறையும், ஒன்பது நாளில் இரண்டு முறை என்று நீதான் சொன்னாய். அந்த ஏற்ற இறக்கமே துளியளவு. அளவுகோலும் ஆடினால் எதை நம்புவது?

இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று தெரியும். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சாமியாரிடம் நாள் கேட்டாகிவிட்டது. ஆனாலும் தப்பு என்று தெரிந்த அளவு அட்டவணையை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. நன்றிப் பக்கத்தில் என் பெயர் போடுவதாகச் சொன்னாய். பெயர் வேண்டாம் அக்கா. அந்த நாலு படத்தை மட்டும் ஒருமுறை நீயே திறந்து பார்.

அந்த ஒப்பு நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் இன்னொரு நட்சத்திரம் இருக்கிறது. மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் நீ அனுப்பிய நாற்பத்தொரு படத்திலும் அது மாறவில்லை. அதை வைத்து முதல் படத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கிவிட்டேன்.

உன் தங்கை,
ஆன்லின்