செருப்பைக் கழற்றச் சொன்ன ஊர்

சனி, இரவு.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பி, மலையேறி வந்துவிட்டோம். மொத்தமே இருபது வீடு. ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லையாம், சாமி நடக்கிற மண்ணாம். எல்லையிலேயே கழற்றச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, வெறுங்கால் ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் எதிரில் அவர் முகம் சுருங்குமே என்று விட்டுவிட்டேன். ஊர்க்கோடியில் இருக்கிற ஓடை வரை எனக்கு முன்னால் நடந்தார்.

தங்கியிருக்கிற அறைக்கு வந்ததும் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் முள், ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கினேன். ரத்தம் வந்தது. அவர் ஜன்னலில் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா பண்ற?”

“மண்ணு தட்டுறேன்.”

“நாளைக்கும் ஓடைக்குப் போலாம். இன்னிக்கு எவ்ளோ நடந்தும் காலு வலிக்கவே இல்ல, பாத்தியா?”

பார்த்தேன். மருந்து போட்டுக் கட்டினேன். அதுவும் தெரியாமல் தூங்கிவிட்டார்.