மூன்றாவது அசைவுக்குள் சொல்லிவிடுவேன்

செப்டம்பர் 5, புதன்

கடை திறந்ததும் என்னிடம் வாள் பழகும் தெஷிமா வந்தான். மூக்குக்கண்ணாடி வாங்க அல்ல. நவம்பர் மூன்றாம் தேதி கோவிலில் நடக்கும் வாள்விழாவுக்கான விண்ணப்பக் கட்டு கையில், விழாக்குழுவின் எழுத்து வேலை அவனுடையது. வழக்கமான பன்னிரண்டு வாள்பள்ளிகள், அவற்றில் எங்கள் பள்ளியும் ஒன்று. பதின்மூன்றாவதாகப் புதிதாக ஒன்று: பக்கத்து ஊரான சுகுமியிலிருந்து 'ஷியொசாகி பள்ளி'. மொத்தமே இரண்டு பேர்.

ஷியொசாகி பள்ளி அற்றுப்போய் நூறு வருடம் ஆகிறது. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன், என் சொந்தச் செலவில் அச்சிட்ட நூலில்.

"ஐயா, நீங்க ஒரு தடவை பார்த்துட்டு அசலா போலியான்னு சொல்லிட்டீங்கன்னா போதும். வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?" என்றான்.

உண்மைதானே. மரவாளோடு இருவர் எதிரெதிரே நின்று செய்யும் ஜோடிப் பாடம் வீட்டுக்கு வீடு மிசோ சூப் மாதிரி, பள்ளிக்குப் பள்ளி மாறும். எனக்கு முழுப் பாடமும் வேண்டாம். மூன்றாவது அசைவுக்குள் எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவேன்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "போன வாரம் என் மூக்குக்கண்ணாடியையே உங்களுதுன்னு போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனீங்களே," என்றாள் சதாயோ. மனைவி என்றால் ஊக்கம் தருபவள் என்று யாரோ சொன்னார்கள்.

செப்டம்பர் 16, ஞாயிறு

கோவில் கூடத்தில் சுகுமிக்காரர்களைப் பார்த்தேன். முடிவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேர வேலை.

குகிமியா என்று ஒரு பெரியவர். எழுபது இருக்கும். வெண்தாடி, இரும்புக்கம்பி மாதிரி முதுகு. பார்த்ததுமே குனிந்து வணங்கி, என் இருக்கை மெத்தையையே எடுத்துப் போட்டு உட்காரவைத்தேன். கூட ஒரு பெண், ஷுதோ மசுமி. நாற்பது நாற்பத்திரண்டு. தலையில் துண்டு, மேலெல்லாம் கருவாட்டு வாசனை. தேநீர் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள்.

ஐந்து பாடம் காட்டினார்கள். ஐந்திலும் அந்தப் பெண் பாய்ந்து வெட்டினாள், பெரியவர் விலகித் திருப்பி வெட்டினார், அவள் தோற்றாள். ஐந்திலும்! ஜோடிப் பாடத்தில் தோற்கிற பக்கம் மூத்தவருடையது என்பது அரிச்சுவடி. வெட்டத் தெரிந்தால் ஜெயித்துவிடலாம். எந்த நொடியில் எவ்வளவு இடம் கொடுத்து வெட்டுப்படுவது என்பது தெரிந்தவர்தான் கற்றுத்தர முடியும். எல்லாப் பழம்பள்ளியிலும் இதுதான் நடைமுறை. இங்கே பெரியவர் ஜெயித்துக்கொண்டே போகிறார், தெருக்கூட்டத்துக்கு வித்தை காட்டுகிறவர் மாதிரி.

இரண்டாவது குற்றம்: ஒவ்வொரு அடியையும் அந்தப் பெண்தான் முதலில் எடுத்தாள். பெரியவருக்காகக் காத்திருக்கும் மரியாதை இல்லை.

மூன்றாவது: மூன்றாம் பாடத்தில் மணிக்கட்டை வெட்டாமல் வாளின் பிடியை அழுத்தி நிறுத்துகிறார்கள். ஷியொசாகியின் அடையாளமே அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் நூலில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து நகலெடுத்திருக்கிறார்கள்.

'பழம்பள்ளி அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தெஷிமா தபாலில் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 17, திங்கள்

சதாயோ கேட்கிறாள்: "உங்க புஸ்தகம் இருநூறுல நூற்றி எண்பத்தொம்பது நம்ம மாடியிலதானே இருக்கு? அவங்க எதைப் பார்த்து நகலெடுத்தாங்க?"

கடையில் வேலை இருந்தது.

செப்டம்பர் 29, சனி

எப்படி எழுதுவது.

குகிமியா கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, கல்லாவுக்குப் பின்னால் கொஞ்சம் நகர்ந்து நின்றேன். அவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம். உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான் ஐயா," என்றார். "நான் சொதப்பிட்டேன். நாலாவது பாடத்துல கண் சிமிட்டுற நேரம் முந்திட்டேன். வழியெல்லாம் டீச்சர் கிட்ட ஒரே திட்டு."

"டீச்சரா? எந்த டீச்சர்?"

"ஷுதோ டீச்சர்தான். அன்னிக்கு உங்களுக்கு டீ கொண்டாந்தாங்களே."

கையிலிருந்த சோதனைக் கண்ணாடி கீழே விழுந்தது. நல்லவேளை, பிளாஸ்டிக்.

அவர் சிமெண்டு ஆலையில் நாற்பது வருடம் இருந்துவிட்டு, டாக்டர் நடக்கச் சொன்னதால் அறுபத்தைந்து வயதில் வாள் பிடித்தவர். ஷுதோ மசுமி ஆறு வயதில் தன் அப்பாவிடம் தொடங்கியவர். பள்ளியின் தலைவரே அவர்தான். முப்பத்தாறு வருடப் பயிற்சி. அவர் அப்பாவுக்குக் கற்றுத்தந்தவர் யார், அவருக்குக் கற்றுத்தந்தவர் யார் என்று ஐந்து பெயர்களைப் பெரியவர் விரல்விட்டுச் சொன்னார். கடைசிப் பெயர் என் நூலிலும் இருக்கிறது. 'இவருக்குப் பிறகு யாருமில்லை' என்று.

"அஞ்சு வருஷமா ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன் ஐயா. என்னை எப்பத்தான் தோக்க விடுவாங்களோ," என்று பெருமூச்சு விட்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "பழம்பள்ளிப் பட்டியல்ல பேர் வந்தா இந்தக் கோவில் கூடத்துல பழகலாம்னு பார்த்தோம். மீன் உலர்த்துற கொட்டகையிலதான் பழகிட்டிருந்தோம். புயல்ல கூரை போயிடுச்சு. பரவாயில்ல, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததுதான். தாடியைப் பார்த்து மூத்தவர் என்று முடிவு கட்டினேன். பிறகு நடைமுறை தலைகீழாக இருக்கிறது என்று சொன்னேன். நடைமுறை நேராகத்தான் இருந்தது, நான்தான் தலைகீழாக நின்று பார்த்திருக்கிறேன். முதல் அடி எடுத்தது மரியாதைக்குறைவு இல்லை. அவரை நடத்திக்கொண்டு போனது அவள்தான் — அவர்தான். 'அவள்' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பார்.

தேநீர் வேறு கேட்டேன். ஐயோ.

அக்டோபர் 2, செவ்வாய்

யாருக்கும் தெரியாது. குகிமியாவுக்கே நான் செய்தது புரியவில்லை. பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

அக்டோபர் 4, வியாழன்

புதன்கிழமை அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறதாம். பன்னிரண்டு பள்ளி. "போலிங்களைக் கழிச்சுக் கட்டுனதால நேரம் சரியா இருக்கு," என்கிறான் தெஷிமா.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் என்னை யானை என்று யார் சொன்னது? நானேதான்.

அக்டோபர் 8, திங்கள்

சதாயோவிடம் சொல்லிவிட்டேன். நன்றாகச் சிரிப்பாள், அதோடு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தம்மா அன்னிக்கு ஏன் வாயைத் தொறக்கல?"

"சோதனைக்கு வந்தவங்க பேசக்கூடாது. அது வழக்கம்."

"அப்ப பேச வேண்டியவர் நீங்கதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு என் முன்னால உக்காந்து சாப்பிடாதீங்க," என்று மீன்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

விழாக்குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு போன பேச்சு மூன்று பக்கம். வாயில் வந்தது, "நான் பார்த்தது தப்பு. தோத்தவங்கதான் ஆசிரியர். அது அசல் ஷியொசாகி," அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் கெட்டது கையெழுத்தால்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். பிறகு ஒருவர், பட்டியலில் ஏற விழாவில் காட்டியிருக்க வேண்டும், விழாவில் நேரமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

விழாவில் எங்கள் பள்ளிக்கு உள்ள பத்து நிமிடத்தை அவர்களுக்குத் தருகிறேன் என்றேன். வாய்தான் சொன்னது, நான் யோசிக்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் தெஷிமா பிடித்துக்கொண்டான். "என்ன ஐயா நீங்க? ஆறு மாசமா முட்டி தேயத் தேயப் பழகியிருக்கேன். எங்கம்மா புது உடுப்பு தைச்சு வெச்சிருக்காங்க. நீங்க தப்பு பண்ணதுக்கு நான் ஏன் உக்காரணும்?"

நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். "அழைப்பிதழையாவது ஒழுங்கா அச்சடிக்கிறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

அக்டோபர் 12, வெள்ளி

சுகுமிக்குப் போனேன். ஷுதோ அம்மா கணவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

"டீ கேட்டீங்களே, அப்பத்தான் கொஞ்சம் கோவம் வந்துச்சு. முடிவு வந்தப்ப கோவம் வரல. அழுகைதான் வந்துச்சு," என்றார். எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தெரியவில்லை.

விழாவுக்கு வருவார்கள்.

நவம்பர் 3, சனி

நல்ல வெயில். ஒவ்வொரு பள்ளியின் பெயர்ப்பலகையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும் வேலை எனக்கு. 'ஷியொசாகி' பலகையையும் நான்தான் தூக்கினேன்.

மூன்றாம் பாடம். இந்தமுறை தாடியைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் கால்களைப் பார்த்தேன். பெரியவர் தடுமாறப் போகும் இடத்தில் அந்த அம்மா அரைப் பாதம் தள்ளி வைத்து, அவரைத் தடுமாற விடாமலேயே தோற்றார். பெரியவருக்கே அது தெரிந்திருக்காது. நாற்பது வருடம் தோற்றிருக்கிறேன், அப்படி ஒருமுறையும் தோற்றதில்லை. பலகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தெஷிமா வந்து திருப்பிக் கொடுத்தான். அந்த அளவுக்கு என்னோடு பேசுகிறான்.

இறங்கும்போது ஷுதோ அம்மா சொன்னார்: "கோவில்ல வியாழக்கிழமை கூடம் குடுத்திருக்காங்க. மரவாளைத் தூக்கிட்டு வாங்க. புஸ்தகத்தைத் தூக்கிட்டு வராதீங்க."

நவம்பர் 8, வியாழன்

போனேன். நாற்பது வருடப் பழக்கத்தில் கால் தானாகத் தோற்கிற பக்கம் போய் நின்றது. "ஐயா, நீங்க அந்தப் பக்கம்," என்றார் ஷுதோ அம்மா. குகிமியா தாடியைத் தடவிக்கொண்டு ஒரே சந்தோஷம், தனக்குக் கீழே ஒருவன் வந்துவிட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும் சதாயோ, "என்னாச்சு, ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"அஞ்சுக்கு அஞ்சு," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.