உரசிப் பார்க்காத பாத்திரம்

சார், கேன்களின் லேபிளைப் படித்து எழுதிய ஒரு நிபுணர் அறிக்கையை வைத்து என் தம்பிக்குப் பத்து வருஷம் கொடுத்தார்கள். அப்பீலில் நீங்கள் ரசாயன நிபுணராக அவனுக்காகச் சாட்சி சொன்னீர்கள். தீர்ப்பு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று காலை குடோனில் ஒரு கேனைத் திறந்தேன். மேலே ஏதோ ஆசிட்டின் பெயர். உள்ளே பனியன் கம்பெனிகளுக்குக் கறை எடுக்கக் கொடுக்கிற அசிட்டோன். அந்த வாசம் ஏறியதும் உங்கள் லேப்தான் நினைவுக்கு வந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த ஊரில் காலிக் கேன் வீணாகாது. காயலான் கடையில் வாங்கிக் கழுவி, வேறு சரக்கை ஊற்றி விற்போம். பழைய லேபிளைக் கிழிக்க யாருக்கு நேரம்? வாங்குகிறவனும் மோந்து பார்த்துத்தான் வாங்குவான். தம்பி அருள்புரத்து ஷெட்டில் அதைத்தான் செய்தான். கூடவே, துணியை மிருதுவாக்கும் சாஃப்னர் காய்ச்ச ஒரு பெரிய பாத்திரம் வைத்திருந்தான்.

போலீஸ் வந்த அன்று அந்தப் பாத்திரமும் லேபிள்களும் சேர்ந்து அவனைப் போதை மருந்து தயாரிக்கிறவன் ஆக்கிவிட்டன. ஒரு கேனின் அடியில், அந்த மருந்துக்கு மூலப்பொருளாகும் ரசாயனத்தின் சுவடு இருந்தது. அரசுத் தரப்பு நிபுணர் அந்த ஒன்றை மட்டும் சோதித்தார். மற்றவற்றை லேபிளைப் பார்த்து எழுதினார். இது தயாரிப்புக் கூடமேதான் என்று முடித்தார். கீழ்க் கோர்ட் அப்படியே ஏற்றுக்கொண்டது.

கூடுதல் சாட்சிக்கு மேல் கோர்ட் அனுமதித்ததும் உங்களிடம்தான் ஓடி வந்தேன்.

“உங்க அறிக்கையில அந்தச் சுவட்டை மட்டும் விட்டுருங்க சார்.”

“இருக்குதே, அம்மிணி.”

“காயலான் கடைக் கேனுங்க. எந்த மருந்துக் கம்பெனியில கிடந்துச்சோ!”

“கிடந்திருக்கலாம். நான் பார்த்தனா? நீ பார்த்தயா? பார்க்காததை அவங்க எழுதுனாங்கன்னுதான் அப்பீலே போட்டிருக்கற. நானும் எழுதுனா ஆளுக்கொரு பொய்யாச்சு.”

“உங்க தம்பியா இருந்தாலும் இப்படித்தான் பேசுவீங்களா?”

“என் தம்பியா இருந்தா என்னைய எவன் கூண்டுல ஏத்துவான்?” என்று சிரித்தீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவையில் வேறு ஆள் பார்க்கலாம் என்றுதான் படியிறங்கினேன். எங்கள் வக்கீலம்மா தடுத்துவிட்டார். “சுவட்டை மறைச்சா குறுக்கு விசாரணையில கையோட பிடிச்சிருவாங்க. அப்புறம் அவர் சொல்ற எதுவும் நிக்காதுங்க” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

விசாரணை அன்று தம்பி காவலர்களுக்கு நடுவில் பின்பெஞ்சில் இருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். அரசு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கேள்வியைப் போட்டார்.

“அந்தப் பாத்திரத்துல போதை மருந்து தயாரிக்க முடியுமா, முடியாதா?”

“முடியுங்க.”

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். இந்த ஆளையா கூட்டி வந்தாய் என்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மூலப்பொருளும் இருந்தது?”

“ஒரு கேன்ல சுவடு இருந்துதுங்க. அறிக்கையில எழுதியிருக்கறேன்.”

“அப்புறம் எதுக்கு இங்கே வந்தீங்க? வாங்குன ஃபீஸுக்கா?”

“ஃபீஸுக்குப் பேசறவனா இருந்தா முதல் கேள்விக்கே முடியாதுன்னு சொல்லியிருப்பனுங்க. அந்தப் பாத்திரத்துல சாஃப்னரும் காய்ச்சலாம், நீங்க சொல்றதும் காய்ச்சலாம். எதைக் காய்ச்சுனாங்கன்னு தெரியோணும்னா உள்பக்கத்தை உரசி எடுத்துச் சோதிக்கோணும். யாரும் சோதிக்கலீங்க. சோதிக்காத பாத்திரத்தைப் பத்தி அவங்களுக்கும் கருத்து இருக்க முடியாது, எனக்கும் இல்லீங்க.”

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அதற்கு மேல் அவர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். நடுவில் ஒரு நாள், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்தது என்று உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. கோபத்தோடு படியிறங்கியதற்கு உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வாரம் தீர்ப்பு வந்தது. லேபிளைப் படிப்பது நிபுணர் கருத்து ஆகாது. கருத்துக்குப் பின்னால் சோதனையும் காரணமும் வேண்டும். தயாரிப்பு நிரூபிக்கப்படவில்லை, தண்டனை ரத்து. உங்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, சார்: தன்னை அழைத்த தரப்புக்குப் பாதகமானதையும் மழுப்பாமல் சொன்ன சாட்சி. அந்த ‘முடியுங்க’தான் தம்பியை வெளியே கொண்டுவந்தது என்று வக்கீலம்மா சொல்கிறார். யாவாரத்தில் இத்தனை வருஷம் ஆளை எடை போட்டுப் பழகியவள் நான். உங்களை அன்றைக்குத் தப்பாகத்தான் போட்டேன்.

இன்று மத்தியானம் தம்பி, “மறுபடி ஷெட்டைத் திறக்கணும், சாவி கொடுங்கக்கா” என்றான். கொடுத்தேன், பேசி முடித்துவிட்டுத்தான். லேபிளைக் கிழித்துக் கழுவாத கேன் உள்ளே வரக்கூடாது. திறந்து பார்க்காததன் மேல் பெயர் எழுதக்கூடாது. யார் வந்து கேட்டாலும், நமக்கே பாதகமானாலும், உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் சாவி என் கைக்கு வந்துவிடும்.

சரீங்கக்கா என்றிருக்கிறான்.