தகர டப்பாவுக்குள் நடந்த தபால்காரி

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் இங்கே நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். என் கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு ஆள்கூட நம்பமாட்டார். அதனால் ரிப்பேருக்கு வரும் ஃபேன்களைக் குறித்து வைக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தையே யாரும் நம்புவதில்லை.

கதாநாயகி என் அக்கா. முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவள். சைக்கிள் கொடுத்தபோதும் வேண்டாமென்று சொல்லி நடந்தே கொடுத்தவள். என் கணக்குப்படி பூமியை ஏழரை முறை சுற்றியிருக்கிறாள். அரையை மட்டும் மழையில் சுற்றினாள். அப்பேர்ப்பட்டவள் ஜனவரியில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். கால்தான் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால் கட்டிலிலிருந்து நாற்காலிவரை. அதற்கு மேல் ஓர் அங்குலம் கிடையாது.

அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர் கலெக்டர். அந்த அதிகாரம் அப்படி. இன்று என் கடைக்கே வந்து உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

"மாமா, முப்பதாம் தேதியோட என் லீவு முடியுது. அதுக்குள்ள அம்மா தானா எழுந்து நடந்தா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

"உன் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

"தெரியும் மாமா."

"ஏறிட்டா அப்புறம் இறங்கவே மாட்டா."

"அதுவும் தெரியும்." குரல் உடைந்தது. கலெக்டர்களுக்கு அது அழகல்ல என்பதால் நான் கவனிக்காதது போல ஒரு ஃபேன் இறக்கையைத் துடைத்தேன்.

மார்ச் 4

எலும்பு இன்ஸ்பெக்டர் (பிசியோதெரபிக்கு வருபவர்) வந்தார். "எழுந்திரிங்கம்மா" என்றார். "நாளைக்கு" என்றாள் அக்கா. இது அவளுடைய பத்தொன்பதாவது "நாளைக்கு".

மார்ச் 6, வியாழன்

இன்று விஞ்ஞான வரலாற்றில் ஒரு பொன்னாள். எவனோ மோட்டார் காயிலைப் பொதிந்து கொடுத்த பழைய பத்திரிகைத் தாளில் ஒரு படம் பார்த்தேன். வட்ட டப்பா. சுற்றிலும் நெட்டுக்கீறல்கள். உள்பக்கச் சுவரில் ஒரு காகித நாடா. அதில் ஒரே குதிரை, கொஞ்சம் கொஞ்சம் கால் மாற்றி வரைந்தது. டப்பாவைச் சுழற்றிவிட்டுக் கீறல் வழியாகப் பார்த்தால் குதிரை ஓடுமாம். படம் அசையவே அசையாது. கண் ஏமாந்துபோகும், அவ்வளவுதான்.

கண்ணை ஏமாற்றலாம் என்றால் காலை ஏமாற்ற முடியாதா?

அக்காவை டப்பாவுக்குள் நடக்க விடுவது என்று தீர்மானித்தேன். தன் நடையைத் தானே பார்த்தால் அவளுக்கு ரோஷம் வராமலா போகும்?

மார்ச் 8, சனி

பிஸ்கட் டப்பா ஒன்று. தகரம் வெட்டும் கத்தரியால் பன்னிரண்டு கீறல். வெளியே கறுப்புப் பெயிண்ட். சுழல வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? நான் யார், ஃபேன் ரிப்பேர்க்காரன்! டேபிள் ஃபேன் மோட்டாரின் தலையில் டப்பாவை முடுக்கி சுவிட்சைத் தட்டினேன்.

டப்பா கூரையைத் துளைத்து மேலே போயிற்று. இரண்டு மேகங்களைக் கடந்தது. விமானம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. அரை மணி கழித்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. எதிர்வீட்டம்மா டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, உங்க கடையில இருந்து இன்னும் என்னென்ன வரும்? சொல்லிட்டீங்கன்னா துணி காயப்போட மாட்டேன்."

மார்ச் 9

மோட்டார் வேண்டாம். சைக்கிள் சக்கரத்தின் பேரிங்கில் உட்கார வைத்தேன். விரலால் தள்ளினால் போதும், பட்டு மாதிரி சுற்றுகிறது. நாடாவில் அக்காவைப் பன்னிரண்டு முறை வரைந்தேன். முகம் பூசணிக்காய் போலத்தான் வந்தது. பூசணிக்காய்க்கும் ஒரு கம்பீரம் உண்டு.

மார்ச் 10, திங்கள்

அக்காவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு டப்பாவை வைத்தேன். கலெக்டரும் எலும்பு இன்ஸ்பெக்டரும் பார்வையாளர்கள். சிறு உரை ஒன்று ஆற்றினேன். நாற்பது நிமிஷம்தான். பிறகு சுழற்றிவிட்டேன்.

அக்கா ஒரு கண்ணை மூடிக் கீறலில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டேய். என்ன இது, நான் பின்னால போறேன்?"

பார்த்தேன். பின்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று, முதுகு முன்னே போக.

"அது... நவீன நடை அக்கா."

"குடுத்த தபாலையெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறேனா?"

இதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷமாக ஃபேன்களைப் பின்பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண் எனக்கு. வலம் எனக்கு இடம். இடம் எனக்கு வலம். நாடாவையும் அப்படியே பின்பக்கத்துக் கண்ணால் வரைந்து ஒட்டிவிட்டேன். என் தொழிலில் இல்லாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது என்று அவர்களிடம் பெருமையாகவே சொன்னேன்.

அக்கா சிரித்தாள். கட்டில் குலுங்கச் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. இன்ஸ்பெக்டர் கைதட்டினார். சிரிக்கும்போது இடுப்புத் தசை வேலை செய்கிறதாம்.

மார்ச் 11

டப்பாவை எடுத்துட்டுப் போயிடுன்னுட்டா.

நேத்து அப்படிச் சிரிச்சவ. இன்னிக்குக் காலையில தனியா உக்காந்து சுத்திச் சுத்திப் பாத்திருக்கா. நான் போனப்ப கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பின்னாலயோ முன்னாலயோ, அந்தக் காகிதம் நடக்குதுடா. நான்தான் நடக்கல. எதுக்கு என்கிட்ட கொண்டுவந்து காட்டுற?"

டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டேன். என்ன மனுஷன் நான்? விழுந்து கிடக்கிறவ முன்னாடி பொம்மையை நடக்க விட்டிருக்கேனே.

மார்ச் 12

மூன்று ஃபேன். மூன்றையும் தப்பாகப் பூட்டினேன். காற்று பின்னால் அடித்தது.

மார்ச் 13, வியாழன்

காலையில் கலெக்டரிடமிருந்து போன். "மாமா, அம்மா உங்களை வரச் சொல்றா. டப்பாவோட. கோவமா இருக்கா."

போனேன். அக்கா கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவை வாங்கி, நாடாவைச் சரக்கென்று உருவி, என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பை எந்தத் தோள்ல இருக்கு?"

"வலது..."

"முப்பத்தொரு வருஷம் இடது தோள்ல மாட்டினேன்டா! வலது கை தபால் எடுக்க வேண்டாமா? வலது தோள்ல மாட்டினா எதால எடுப்பேன், பல்லாலயா?"

"பின்பக்கத்துக் கண்ணு அக்கா—"

"அப்புறம் இது என்ன நடை? பாத்திரம் திருடிட்டு ஓடுறவ மாதிரி! பை கனத்தா உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், தெரியுமா உனக்கு? முதல்ல குதிகால், அப்புறம்தான் விரல். ஏய், அந்த வாக்கரை இங்க தள்ளு."

மூலையில் சும்மா கிடந்த நாலுகால் வாக்கரைக் கலெக்டர் தள்ளினாள். அக்கா அதைப் பிடித்தாள். எழுந்தாள். யாரும் தொடவில்லை. கலெக்டரின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. அக்கா வலது காலை ஒரு சாண் முன்னால் வைத்து, உடம்பைச் சற்றுச் சாய்த்து, அப்படியே நின்றாள்.

"பாத்துக்கோ. இதான் முதல் படம். வரை."

நான் பென்சிலைத் தேடினேன். என் கையில்தான் இருந்தது.

மார்ச் 14

எலும்பு இன்ஸ்பெக்டர் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "சார், அப்படி ஒரு கால்ல எடை போட்டு நிக்கிறதுதான் நான் ரெண்டு மாசமா கெஞ்சின பயிற்சி. நீங்க வரையுறதை மெதுவா வரைங்க."

"நான் ஏற்கெனவே மெதுவாத்தான் வரையுறேன்."

"இன்னும் மெதுவா."

நாளுக்கு ஒரு படம் என்று சட்டம் கொண்டுவந்தேன். அதற்கு மேல் வரைந்தால் கலை கெட்டுவிடும் என்றேன். அக்கா நம்பவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 17

ஐந்தாவது படம். பென்சில் முனை மூன்று தடவை உடைந்தது. (உடைத்தேன்.) மூக்குக்கு மட்டும் ஏழு நிமிஷம்.

"மூக்கு என்ன மலையாடா? இவ்வளவு நேரம் ஏறுற?"

"அசையாதே அக்கா. மலை நகர்ந்தா விபத்து."

மார்ச் 20

எட்டு. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக ஓர் அடி வைத்தாக வேண்டும். அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று கூட்டுச் சதி.

மார்ச் 24, திங்கள்

பன்னிரண்டு. கையெழுத்துப் போடட்டுமா என்றேன். "பூசணிக்காய்க்குக் கீழ கையெழுத்து வேறயா?" என்றாள்.

மார்ச் 26, புதன்

புது நாடாவை ஒட்டினேன். இந்தத் தடவை கலெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் "முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டினேன். சுழற்றினேன்.

நடந்தாள்! இடது தோளில் பை, உடம்பு லேசாகச் சாய்ந்து, குதிகால், விரல், குதிகால், விரல். தெருவே கைதட்டியது. பறவைகள் அந்தரத்தில் நின்று பார்த்தன.

அக்கா நெடுநேரம் பார்த்தாள். பிறகு டப்பாவை விரலால் நிறுத்தினாள்.

"நடை சரி. ஆனா நடந்து நடந்து அதே இடத்துலதானே நிக்கிறேன்."

உண்மைதான். பன்னிரண்டு கீறல், பன்னிரண்டு படம். ஒவ்வொரு கீறலுக்கும் அடுத்த படம் முந்தைய படத்தின் இடத்திலேயே வந்து நிற்கும். கால் போகும், ஆள் போகமாட்டாள்.

அறையிலும் அதே கதை. வாக்கரோடு எட்டடி நடக்கிறாள். ஆனால் கலெக்டர் முதுகுப் பக்கம் நின்றால்தான். கலெக்டர் சமையலறைக்குப் போனால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இன்று பெட்டிகளைக் கீழே இறக்கினாள் கலெக்டர். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை. மேஜைமேல் கிடந்தது, பார்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

இதை நிதானமாக எழுதவேண்டும்.

பதினோரு மணி. கலெக்டர் பயணத்துக்கு ஏதோ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் கடையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேனுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவின் இதே பக்கத்தில், நாலு வீடு தள்ளி அக்கா வீட்டுக் கேட் திறந்தது. முதலில் வாக்கரின் நாலு கால் வந்தது. அப்புறம் அவள்.

தெரு கடல் போல அகன்றது. லாரிகள் பிரேக் போட்டுக் கண்ணீர் விட்டன. போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். ஊரில் உள்ள நாய்களெல்லாம் வரிசையில் நின்று வாலாட்டாமல் மரியாதை செய்தன. அக்கா நாற்பத்தோரு அடி வைத்தாள். இருபதாவது அடியில் நின்றாள். ஒரு யுகம் நின்றாள். மலைகள் தேய்ந்து மணலாகின. பிறகு இருபத்தோராவது அடியை வைத்தாள்.

கடை வாசலுக்கு வந்து மூச்சு வாங்கினாள். வியர்வையைத் துடைத்தாள். ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"எத்தனை நாளைக்குடா என்னை ஒரே இடத்துல மிதிக்க வைப்ப? அந்த டப்பாவுக்கு ஒரு வழி பண்ணு. எனக்கு எங்கயாவது போய்ச் சேரணும்."

"சரிக்கா."

"சரிக்கா நொரிக்கா! ஒரு நாற்காலி போடுற வழக்கமெல்லாம் உன் கடையில கிடையாதா?"

போட்டேன். கலெக்டர் திரும்பி வரும் வழியில் எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவி விழுந்தது. ஆரஞ்சுப் பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. அவள் பொறுக்கவே இல்லை.

மார்ச் 29

வழி கண்டுபிடித்துவிட்டேன். கீறல் பன்னிரண்டுதான், படத்தைப் பதின்மூன்றாக்கி நெருக்கி வரைந்து ஒட்டினேன். இப்போது ஒவ்வொரு கீறலுக்கும் அடுத்த படம் ஒரு துளி முன்னால் தள்ளி வந்து நிற்கிறது. அக்கா டப்பாவைச் சுற்றி நிஜமாகவே போகிறாள். பதின்மூன்றாவது படமாக, நேற்று என் கடை வாசலில் நின்ற நிலையை வரைந்தேன். அதனால் நடந்துகொண்டே போகிறவள் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் விரலை நீட்டித் திட்டிவிட்டு மேலே போகிறாள்.

"இப்பதான் என்னை மாதிரி இருக்கு" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

கலெக்டர் ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகப் போனாள். அக்கா கேட்வரை போய் வழியனுப்பினாள். "நாலாவது மாடிக்கு என்னைக்காவது வருவேன், சமையலைச் சரியா கத்து வை" என்றாள். கலெக்டர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "மாமா, எல்லாம் நீங்க போட்ட திட்டம்தானே? தப்பா வரைஞ்சதுகூட?" ஆமாம் என்று கம்பீரமாகத் தலையாட்டினேன்.

திட்டமாவது ஒன்றாவது. எனக்கு வரையத் தெரியாது. டப்பா கூரையைத் துளைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போயிற்று. லாரி எதுவும் வரவில்லை. நாய் ஒன்றுதான், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. இதில் எதையும் யாரும் நம்ப வேண்டாம்.

நாற்பத்தோரு அடி என்று எழுதினேனே, அது மட்டும் நிஜம். எண்ணினேன். இருபதாவது அடியில் அவள் நின்றபோது ஓடிப்போய்த் தாங்கிவிடக் கூடாதே என்று ஸ்டாண்ட் ஃபேன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஒளிந்து நின்று எண்ணினேன்.