பாட்டில் மங்கலா, கண் மங்கலா

மார்ச் 3, திங்கள்

கையுறைப் பெட்டிகள் வந்தன. நான் கேட்டது நடுத்தர அளவு, வந்தது எல்லாம் பெரியது. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். விரல் நுனிகள் காலியாகத் தொங்கித் தலையாட்டின. நான்தான் தவறாக எழுதிவிட்டேனோ என்று ஆர்டர் நகலை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியாரான என்னை இந்த ஆய்வுக்கூடத்தில் ரசாயன அறைக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாக உட்கார வைத்து நாலு வருடமாகிறது. இன்னும் யாராவது 'பாதுகாப்பு அதிகாரி' என்று கூப்பிட்டால் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

டைரக்டர் உற்சாகமாக வந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சாயத் தொழிற்சாலையிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். "சார், நம்ம அயனித் திரவத்தைக் காட்டி அசத்திடுவோம். ஒரே திரவம், கழுவிக் கழுவி, சூடாக்கிச் சூடாக்கி, எத்தனை தடவை திரும்ப எடுத்திருக்கோம்!"

அது உப்புதான். ஆனால் கட்டியாக இராமல் சாதாரண சூட்டிலேயே தேன் போல ஓடும். ஆவியாவதில்லை, வாசமில்லை. அதனாலேயே டைரக்டருக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். யார் வந்தாலும் வெறும் விரலை அதில் முக்கி, மோந்து காட்டி, "பாத்தீங்களா, பச்சக் கொழந்த மாதிரி!" என்பார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்கா அவருக்கு 'விரல் வித்தைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அக்கா இன்றும் என் கண்புரை ஆபரேஷன் பேச்சை எடுத்தாள். "நான் ரெண்டு கண்ணும் பண்ணிக்கிட்டு குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு என்னடா பயம்?" கண்ணில் கத்தி என்றால் பயம்தான், வேறென்ன. ஆவணியில் பார்க்கலாம் என்றேன். எந்த வருஷத்து ஆவணி என்று கேட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

டைரக்டர் காட்டப்போகும் அந்தக் கண்ணாடி பாட்டிலை இன்று எடுத்து வைத்தேன். மங்கலாக இருந்தது. துடைத்தேன். மங்கல் போகவில்லை. என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை.

இப்போது எனக்கு எல்லாமே கொஞ்சம் மங்கல்தான்.

மார்ச் 5, புதன்

இன்றும் மங்கல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாட்டிலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று தீர்மானம்.

மார்ச் 6, வியாழன்

நினைத்தேன்.

தண்ணீர் பூத்திருக்கிறதோ என்று அறையை உலர்வாக வைத்துப் பார்த்தாயிற்று, மாறவில்லை. பிறகு பாட்டிலுக்குப் பின்னால் அச்சடித்த காகிதம் ஒன்றைப் பிடித்தேன். திரவம் இருக்கும் கீழ்ப்பகுதியில் எழுத்து சுமாராகத் தெரிந்தது. அதற்கு மேலே, கழுத்து வரை, வெறும் பனி. திரவத்தின் மட்டம் எங்கே முடிகிறதோ சரியாக அங்கேதான் பனி தொடங்குகிறது, கோடு போட்ட மாதிரி.

கண்ணில் இருக்கும் புரைக்கு விளிம்பு உண்டா? பாட்டிலில் திரவ மட்டம் பார்த்தா புரை நிற்கும்?

இந்தத் திரவத்தின் ஒரு பாதியில் ஃபுளோரின் இருக்கிறது. சும்மா இருந்தால் சாது. தண்ணீரும் சூடும் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வரும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம். திரவம் ஆவியாகாது, இது ஆவியாகி மேலே ஏறும். நாம் அதைத் தண்ணீரில் கழுவி, சூடாக்கி உலர்த்தி, மறுபடி கழுவி — ஐயோ.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். இருக்கட்டும். பாட்டிலைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபியூம் ஹூட்டுக்குள் நகர்த்தி, 'திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். எழுத்து சின்னதாகப் போய்விட்டது. பெரிதாக எழுதினால் அதட்டுவது போல இருக்குமே.

மார்ச் 7, வெள்ளி

டைரக்டரின் அறைக்குப் போனேன். தொலைபேசியில் இருந்தார். கையால் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பேசி முடித்ததும், "சொல்லுங்க சார்."

"அந்த பாட்டில் விஷயமா..."

"பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல? அது போதும். நீங்க இருக்கறதால எனக்குக் கவலையே இல்ல சார்."

இப்படிப் பாராட்டிய பிறகு எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நன்றி! எதற்கு நன்றி சொன்னேன்?

மார்ச் 9, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"விரல விட்டா என்ன ஆகும்?"

"உடனே ஒண்ணும் தெரியாது. வலிகூட சில மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள தோலத் தாண்டி உள்ள போயிடும். எலும்புல இருக்கிற கால்சியத்தையே பிடிச்சு இழுக்கும்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

என் யோசனையையும் சொன்னேன். ஃபுளோரின் இல்லாத வேறொரு அயனித் திரவம் அலமாரியில் புதிதாக இருக்கிறது. அதை அதே மாதிரி பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாது. சண்டையில்லை, சச்சரவில்லை.

"சரி, இந்த வெள்ளிக்கு மாத்தி வெப்ப. அடுத்த தடவ? நீ லீவுல இருக்கும்போது? விரல் வித்தைக்காரர் பின்னாடியே பாட்டில் பாட்டிலா தூக்கிட்டு ஓடுவியா?"

அதுவும் நியாயம்தான். புதிய திரவமும் வெறும் விரலுக்கு உரியதல்ல. தோல் வழியாக உள்ளே போய் அது என்ன செய்யும் என்பதை இன்னும் யாரும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.

"என் கண்ணே தப்பா இருந்தா? எல்லார் முன்னாடியும் சிரிப்பாங்களே அக்கா."

"சிரிச்சா பல்லு தெரியும். அவ்ளோதானே? அவருக்கு விரல் போகும்டா."

மார்ச் 10, திங்கள்

இன்று சோதித்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருப்பதால் அறையில் நான் மட்டும். தனியாக இதைச் செய்வது முறையல்ல. அதனால் கதவைத் திறந்து வைத்து, வாசலில் காவலரை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "நான் கத்தினா வாங்க." "நீங்க கத்துவீங்களா சார்?" என்று கேட்டார், உண்மையிலேயே சந்தேகமாக.

முகமறைப்பு, தடித்த கையுறை, அதன் அடியில் இன்னொன்று. ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே ஒரு துளியைப் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்கினேன். தெளியவிட்டு, மேலே நின்ற தண்ணீரில் பி.எச். தாளை நனைத்தேன். அமிலம் இருந்தால் மஞ்சள் தாள் சிவக்கும்.

சிவந்ததா? எனக்கு ஒரு பக்கம் பார்த்தால் செங்கல், இன்னொரு பக்கம் பார்த்தால் பழுத்த எலுமிச்சை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லா நிறமும் தேநீரில் நனைந்த நிறம். காவலரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால், அவர் எனக்கும் டைரக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். தாளைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தேன்.

மார்ச் 12, புதன்

டைரக்டர் வெளியூர். வெள்ளி காலை விருந்தினர்களோடு நேராக வருவாராம். போனில் செய்தி எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் அனுப்பியது: "பாட்டிலைத் தொட வேண்டாம். நேரில் சொல்கிறேன்."

பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திய படம் வந்தது.

அந்த விரலையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

அமிலம் பட்டால் தடவும் கால்சியம் களிம்பு மூன்று கடை ஏறி வாங்கிவிட்டேன். சட்டைப் பையில் இருக்கிறது. நாளை அது பையிலேயே இருந்தால் போதும்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். கார் பின்பக்கமாக வந்துவிட்டது. நான் திரும்பி ஓடி வருவதற்குள் — ஆமாம், ஓடினேன், ஆய்வுக்கூடத்தில் ஓடக்கூடாது என்று எழுதி ஒட்டியவனே நான் — டைரக்டர் ஃபியூம் ஹூட்டின் முன்னால் நிற்கிறார். சுற்றிலும் விருந்தினர்கள். என் குட்டி எழுத்து அறிவிப்பு அவர் முழங்கைக்குக் கீழே. சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறார். "இதுக்கு வாசமே கிடையாது. இப்பப் பாருங்க, பச்சக் கொழந்த..."

'நிறுத்துங்கள்' என்று கத்த வாயைத் திறந்தேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளைப் பிளாஸ்டிக் பையோடு நீட்டினேன்; வாயில் வந்தது இதுதான்:

"சார், ஒரு சின்ன உதவி. எனக்குக் கண்ணுல புரை. இந்தத் தாளு என்ன கலர்னு தெரியல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

எல்லோரும் திரும்பினார்கள். டைரக்டர் சிரித்தார். "இப்பவா சார்?" ஆனால் நல்ல மனிதர், உதவி என்று கேட்டால் தட்டமாட்டார். பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"சிவப்பு சார். நல்ல சிவப்பு. எதுல நனைச்சீங்க?"

"நீங்க விரல் விடப் போற பாட்டில்ல இருந்து ஒரு துளி. தண்ணியில கலக்கி."

டைரக்டர் தாளைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். கழுத்துவரை பூத்திருந்த பனியைப் பார்த்தார். அவர் என்னைவிடப் பத்து மடங்கு படித்தவர், விளக்க வேண்டியிருக்கவில்லை. மடித்த கையை மெதுவாக எடுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

விருந்தினர்களில் மூத்த பொறியாளர் ஓர் அம்மா. "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"சார் சொல்வார்" என்றார் டைரக்டர்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஆவியாகாததும் வாசமில்லாததும் நல்லதுதான், ஆனால் நாம் ஆபத்தை மூக்கால் தெரிந்துகொண்டே பழகியவர்கள், இது மூக்குக்குச் சொல்லாது என்றேன். ஆவியாகாததால் சிந்தினால் காயவும் காயாது, தண்ணீர்த் துளி மாதிரி மேசையில் கிடந்து கைக்காகக் காத்திருக்கும். இந்த வகையைச் சூட்டோடும் ஈரத்தோடும் சேர்க்கக்கூடாது. பழையதைக் கண்ணாடியில் வைக்கக்கூடாது. கைகழுவும் தொட்டியில் கொட்டினால் ஆற்று மீனுக்கும் ஆகாது. முப்பது வருடம் வகுப்பெடுத்த வாய், ஆரம்பித்தால் நிற்கவில்லை.

நடுவிலேயே அந்த அம்மா போனை எடுத்துத் தள்ளிப் போய்விட்டார். சலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன். அவர் பேசியது காதில் விழுந்தது: "மூணாவது அலமாரில ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும்பா. அதேதான். யாரும் கை வெக்காதீங்க, நான் வந்துடறேன்."

எல்லோரும் போன பிறகு டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று எழுந்தேன்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார். போன வெள்ளிக்கிழமை. புதன்கிழமை செய்தியும்..."

"அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன். நீங்க சொல்ற மாதிரி சொன்னா எறும்புக்குக்கூடக் கேக்காது சார்!" பிறகு தன் ஆள்காட்டி விரலை நீட்டி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு நாளைக்கு வயலின் கிளாஸ். பொண்ணோட சேந்து கத்துக்கறேன்" என்றார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த விரல வெச்சு நல்லா வாசிப்பாரா?" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

பழைய திரவம் முழுவதையும் பிளாஸ்டிக் கலத்தில் மாற்றி, பெயரும் ஆபத்தும் எழுதிக் கழிவுப் பிரிவுக்கு அனுப்பினோம். அரித்த பாட்டிலும் தனிக் கழிவாகப் போனது. மாணவர்கள் திரும்பிவிட்டார்கள். தாங்கள் இல்லாதபோது இத்தனை வேடிக்கையா என்று வருத்தம்.

டைரக்டர் என் அறிவிப்பைக் கிழித்துவிட்டார். திக்கென்றது. அவரே கதவளவு எழுத்தில் வேறு எழுதி ஒட்டினார்.

மார்ச் 26, புதன்

வலது கண் முடிந்தது. கத்தி எப்போது வந்தது என்றே தெரியவில்லை. டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன், முடிந்துவிட்டது என்று மூன்று முறையும் சொன்னார். எழுத அனுமதியில்லை. ஒரு பத்திதான் —

(அக்கா பேனாவைப் பிடுங்கினாள்.)

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குத் திரும்பினேன். ஆய்வுக்கூடம் வெள்ளை நிறமாம்! இத்தனை நாள் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன். நான் பளிச்சென்று வைத்திருப்பதாக நம்பிய அலமாரிகளின் மேலே விரற்கடை தூசி. நாள் முழுக்கத் துடைத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அலமாரியில் இருந்தது போதாதென்று புதிய அயனித் திரவம் வந்தது. ஃபுளோரின் இல்லாத வகை, பிளாஸ்டிக் கலத்தில். டைரக்டர் முகமறைப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், தொறக்கலாமா?"

அதன் ஆபத்துகளை எழுதிய பாதுகாப்புத் தாளை இன்னும் ஒரு முறை படிக்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.