பதினேழாம் அத்தியாயத்துத் திரைச்சீலைகள்

மார்ச் 3, செவ்வாய்

பல் மருத்துவரிடம் போகவேண்டிய நாள். கிளம்பும் நேரத்தில் பதிப்பாளர் வந்துவிட்டதால் போகவில்லை. பழைய பதிப்பாளரின் மகன், நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுகிற பிள்ளை. என் கணவரின் நாவல் வெளிவந்து நாற்பது வருடம் ஆகிறதாம். கெட்டி அட்டையில் புதுப் பதிப்பு போடுகிறார்களாம். அச்சுக்குப் போகும் முன் நான் முழுவதையும் படித்துப் பிழை திருத்தித் தரவேண்டும், இரண்டு பக்கம் முன்னுரை எழுதவேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

"சார் குரல் உங்க காதுலதாம்மா இருக்கு. ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடிச்சிருவீங்க" என்றார்.

ஐஸ் வைப்பதில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. ஆனாலும் மனம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். நீதிமன்ற அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் நான். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போதாவது யாரோ என் கண்ணை நம்பி ஒரு வேலை கொடுத்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே ஆளைப் புதைத்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவன். இரண்டாம் பக்கத்திலிருந்து அவன் குழிக்குள் படுத்துக்கொண்டு பேசுகிறான். செத்தவனுக்கு யாரிடம் என்ன பயம்? வைத்தியம் பார்த்த டாக்டர், கூட வேலை பார்த்தவர்கள், துக்கம் கேட்க வந்த இடத்தில் சோபாவைக் கையால் முழம்போட்டுப் பார்க்கிற நண்பன், ஒருத்தரையும் விடமாட்டான். நாட்டிலேயே பெரிய நையாண்டி நாவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்லூரியில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

சிரிக்காதே மனமே, ஒன்று சொல்கிறேன். அச்சான புத்தகத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. அவர் எழுத எழுதத் தினமும் சாயங்காலம் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். சுடச்சுடச் சாப்பிட்டவள் ஆறினதை ஏன் தேடப்போகிறேன்? முதல் இரண்டு நாவலையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இதை மட்டும் வெளியே கடையில் கொடுத்தார். "ஆபீஸ்லயும் தட்டிட்டு வீட்லயும் தட்டணுமா? உன் விரல் பாவம்" என்றார். உருகிப்போனேன்.

எனக்குப் பிடித்தது அண்ணி. செத்தவனின் அண்ணன் மனைவி. வருகிற ஒவ்வொருவரிடமும் நோயின் கதையை முதல் எழுத்திலிருந்து ஒப்பிப்பாள். காரில் வந்தவர்களுக்கு அழுகை ஒரு சுருதி கூடும். யாரென்று எனக்குத் தெரியாதா? அவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தியேதான். அப்போது எனக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஆகாது. அவர் வாசிக்க வாசிக்கக் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டித் தட்டிச் சிரித்தேன். "இதையும் போடுங்க. அழறதுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சோமான்னு எட்டிப் பாத்துட்டு வந்து அழுவா" என்று எடுத்துவேறு கொடுத்தேன். கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டார். "நீதான்டி நெஜ எழுத்தாளி" என்றார்.

நாளை அண்ணி வருகிற அத்தியாயம்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணி இல்லை.

நாலாம் அத்தியாயத்தில் 'என் மனைவி' என்று இருந்தது. அச்சுக்கோப்பவர் தூங்கிவிட்டார் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு ஓரத்தில் 'அண்ணி' என்று எழுதினேன். அடுத்த பத்தியிலும் அப்படியே. அடுத்த பக்கத்திலும். பதினோரு வட்டம் போட்டேன். பன்னிரண்டாவதில் பேனா நின்றது.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து முதல் பதிப்பை எடுத்தேன். அதிலும் மனைவிதான்.

மார்ச் 7, சனி

அவர் கண் ஒன்றைப் படிக்க வாய் வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு மாசம்! ஒரு இடத்தில்கூட நாக்குப் பிறழவில்லையே ஐயா உமக்கு. முக்காலியில் உட்கார்ந்து என்னையே எனக்கு வாசித்துக் காட்டி, நான் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே...

அடுப்பு வரியும் அங்கே இருக்கிறது. நான் சொன்ன அதே வார்த்தைகளில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நான்தான்.

இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பாராட்டுக் கூட்டங்களில் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்ட பெண்கள். "நீங்கதானா அந்த..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனவர்கள். மரியாதை என்று நினைத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஊருக்கே தெரிந்த சேதி, எனக்கு மட்டும் தெரியாது. முட்டாள், முட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். நிஜமாகவே நான் அப்படித்தானா?

மார்ச் 9, திங்கள்

பதினேழாம் அத்தியாயம். இதை அவர் எனக்கு வாசிக்கவே இல்லை. அண்ணி என்று மாற்றிக்கூட வாசிக்கவில்லை.

செத்தவனைப் புதைத்துவிட்டு எல்லோரும் திரும்பி வருகிறார்கள். வீட்டில் மனைவி எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றிப்போட்டுத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சோப்பு நுரையில் வழுக்கி விழுகிறார்கள். "மன்னியுங்கள், அழுக்காக இருந்தது" என்கிறாள். குழியில் இருப்பவன் சொல்கிறான்: 'நான் வாழ்ந்த அழுக்கு போக அவளுக்கு மூன்று வாளித் தண்ணீர் போதுமாயிருந்தது.'

அது நான். அது நிஜமாக நடந்தது. ஆனால் அன்று செத்தது கணவன் இல்லை.

மகள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். அவனைக் கொண்டுபோன பிறகு எனக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்குவதற்கு ஒன்றுமில்லை. வீட்டிலிருந்த திரைச்சீலையெல்லாம் கழற்றித் துவைத்தேன். அதன்பிறகு அந்தப் பையனைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமல் இருப்பதுதான் அவருக்கு என்மேல் உள்ள பிரியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பேசவில்லைதான். எழுதிவிட்டார். சிரிக்கும்படி எழுதிவிட்டார்.

மார்ச் 10

எதையும் தொடவில்லை.

மார்ச் 12, வியாழன்

மகள் வந்தாள். கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். மேசையில் சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"படிக்கிற காலத்திலேயே தெரியும்மா. எப்படிச் சொல்றது? நீயோ அது பெரியம்மான்னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவ."

"பதினேழு?"

"அதுதாம்மா இருக்கறதுலயே நல்ல அத்தியாயம். வருஷா வருஷம் வகுப்புல வாசிப்பேன். பசங்க பெஞ்சத் தட்டிச் சிரிப்பாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதைதானம்மா, அப்பா எல்லாரையும்தான் கிண்டல் பண்ணியிருக்காரு" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தவள், இருபது வருடமாக என்னை வகுப்பில் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். போய்விடு என்றேன். எதற்கென்று சொல்லவில்லை. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதே அவளுக்குத் தெரியாது. யார் சொன்னோம்?

செருப்பை மாட்டும்போது அழுதாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது, முழங்கால் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிச்சிட்டியா?"

"அக்கா..."

"உள்ள வா. நாப்பது வருஷம் கழிச்சுப் படிச்சவள வாசல்லயா நிக்க வைக்கறது."

அந்த நாவல் வந்த பிறகுதான் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். தன்னை எழுதிவிட்டார் என்ற கோபம் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அதை அவளிடமே சொன்னேன்.

"என்னைய எங்கடி எழுதினாரு உம் புருஷன்? தேடிப் பாத்தேன், ஒரு வரி இல்ல. பதினேழு வந்துச்சு. அந்தப் புஸ்தகத்த அவரு மேலயே வீசிட்டு வந்தேன். அந்தத் திரைச்சீலைய மறுமுனைல பிடிச்சுப் பிழிஞ்சவ நானுல்ல?"

மறந்தே போயிருந்தேன். கனத்த பச்சைத் துணி. ஒற்றை ஆளாகப் பிழிய முடியவில்லை. யாரோ வந்து மறுமுனையைப் பிடித்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் எட்டுத் துணியையும் கூடப் பிழிந்தார்கள். அது அவள்.

"என்கிட்ட ஏன் சொல்லலக்கா?"

"கெஞ்சினாரு. 'அவ படிக்க மாட்டா அண்ணி, தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்'னாரு. நீ எங்கயாவது விசேஷத்துல என்னப் பாத்துப் பாவம்னு சிரிப்ப. சிரிச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வலிக்குதுடி, அந்தக் கால விடு" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

பதிப்பாளரிடம் பதினேழாம் அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அத எடுத்துட்டா புத்தகமே இல்லம்மா" என்றார். நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் புத்தகம் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுபடி படித்தேன், எதிரியின் மனுவைப் படிக்கிற மாதிரி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் பாவி. பிழிந்த தண்ணீர் கூடத்தைத் தாண்டி, வாசற்படியில் தேங்கி, அப்புறம் ஒவ்வொரு படியாக இறங்குவதை வரிவரியாக எழுதியிருக்கிறார்.

தண்ணீர் படியிறங்கியதை அவர் எப்படிப் பார்த்தார்? அன்று அவர் வீட்டில் இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன். வெளியே எங்கோ உட்கார்ந்து அழுகிறார் என்று, அவருக்காகவும் சேர்த்துத்தானே அழுதேன்.

வாசலில் நின்றிருக்கிறார். முழுவதையும் பார்த்திருக்கிறார். உள்ளே வரவில்லை.

கிண்டலை மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. இதை முடியவில்லை.

மார்ச் 28, சனி

முன்னுரை எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் கேட்டார்கள், ஆறு வரி வந்தது. நானே தட்டச்சு செய்தேன்.

'இந்த நாவலில் மனைவியாக வருபவள் நான். அடுப்பைப் பற்றிய வரி நான் சொல்லிக்கொடுத்தது. பதினேழாம் அத்தியாயத்தில் திரைச்சீலை துவைக்கும் நாளில் இறந்தது என் கணவர் அல்ல, எங்கள் மகன். அவனுக்குப் பதினோரு நாள் வயது. துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தவர் என் ஓரகத்தி, வாசலில் நின்று பார்த்தவர் இந்த நூலின் ஆசிரியர். மற்றபடி இதில் பிழையில்லை, முழுவதும் சரிபார்த்துவிட்டேன்.'

பதிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் மென்மையா மாத்தலாமாம்மா? சார் பேரு..."

"கையெழுத்து வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றார்.

ஏப்ரல் 12

புத்தகம் வந்துவிட்டது. மகளுக்குத் தபாலில் ஒரு பிரதி அனுப்பினேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. மகள். பையை வைக்கக்கூடத் தோன்றாமல் கூடத்து நடுவில் நின்றாள். இரண்டு நாள் தூங்காத முகம்.

"இத்தனை வருஷம் வகுப்புல அத வாசிச்சிருக்கேன்மா. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்."

"உனக்குத் தெரியாதில்ல."

"உன்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம். ஏன் துவைச்சன்னு கேட்டிருக்கலாம்."

ஆமாம், கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். உட்காரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணனுக்குப் பேரு வச்சிருந்தீங்களாம்மா?"

அவளுக்கு நாற்பத்திமூன்று வயது. அண்ணன் என்ற சொல்லை இந்த வீட்டில் இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறாள். வைத்திருந்தோம் என்றேன். ஐந்தாம் நாளே வைத்துவிட்டோம், நான்தான் தேர்ந்தெடுத்தேன், உன் அப்பாவுக்கும் பிடித்திருந்தது என்றேன்.

என்ன பெயர் என்றாள். சொன்னேன். நாற்பத்தாறு வருடம் சொல்லாததால் குரல் சரியாக எழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிறகு அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.