விழுவதற்கு முன்பே வந்த போன்

பிப்ரவரி 3

நாத்தனார் இன்றும் விடவில்லை. "அண்ணி, இது வேற கம்பெனி. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமே!"

செயற்கைக் கால் விற்கிறவர்கள் பணம் கைக்கு வரும்வரை தேனாகத்தான் பேசுவார்கள். முதல் கம்பெனிக்காரன் பேசாத பேச்சா? பள்ளிக்கூடம் போகிற வழியில், பேருந்திலிருந்து இறங்கும்போது அவன் செய்து கொடுத்த காலின் பாதம் பிளந்து நான் விழுந்தேன். மணிக்கட்டும் உடைந்தது. அவன் என்ன சொன்னான்? "டீச்சர், நீங்க நடக்கிற விதம் சரியில்ல."

அன்றிலிருந்து ஊன்றுகோல்கள்தான். அவற்றுக்குப் பேசத் தெரியாது. அதுவே நிம்மதி. படிகளை மட்டும் எண்ணி எண்ணித்தான் இறங்குகிறேன்.

பிப்ரவரி 11

தொல்லை தாங்காமல் போனேன். அளவெடுத்த பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டேன்.

"உடைஞ்சா யார் பொறுப்பு?"

"நாங்கதான் டீச்சர்."

இதையேதான் அவனும் சொன்னான்.

மார்ச் 9

கால் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது. ஊன்றுகோல்களையும் விடாமல் வீட்டுக்குள் மட்டும் நடக்கிறேன். அவர் சிரிக்கிறார்: "இப்ப உனக்கு மொத்தம் நாலு கால்."

மார்ச் 20

ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை.

ஏப்ரல் 2

அந்தப் பெண்ணிடமிருந்து போன். "டீச்சர், காலைக் கழட்டி வெச்சிடுங்க. கணுக்கால் போல்ட்ல சந்தேகம். உங்களுக்குப் போட்ட அதே சரக்குல ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. நாளைக்கு நாங்களே வந்து மாத்திடறோம்."

நாத்தனாரிடம் கத்தித் தீர்த்தேன். சொன்னேனா இல்லையா? எல்லாரும் ஒண்ணுதான்!

ஏப்ரல் 3

கம்பெனிப் பெண் மழையில் நனைந்துகொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றினாள்.

"யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல டீச்சர். நாங்க சோதிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சது."

"அப்போ ஏன் சொன்னீங்க? எனக்குத் தெரியவே போறதில்லையே."

கேள்வியே புரியாதவள்போல என்னைப் பார்த்தாள். "நீங்க விழுந்தப்புறம் சொல்றதா?"

கழற்றிய போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அதில் விரிசலே இல்லை! இருந்தாலும் புதியதைத்தான் மாட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பதறிப்போய், "எங்கயாவது வலிக்குதா?" என்றாள். இல்லையம்மா. வலிக்கவே இல்லை. இத்தனை வருடமாக, தப்பு என் நடையில்தான் என்று நானும் பாதி நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அது இன்றைக்குத்தான் தெரிகிறது.

நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, சாப்பிட வாங்க அண்ணி. ஆறிப்போகுது." இவளைப் பெற்ற புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 17

தலைமையாசிரியை பத்தாம் வகுப்பைத் திரும்பவும் என்னிடம் கொடுத்துவிட்டார். அது மாடியில் இருக்கிறது. மணியடித்ததும் இரண்டு கை நிறைய விடைத்தாள்களோடு இறங்கினேன். கடைசி மாணவியின் கணக்கு எங்கே தப்பியது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கீழே வந்து சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். கழித்தலில் தப்பு.

படிகள் எத்தனை என்று இன்னும் எனக்குத் தெரியாது.